இனிஷியலுக்குள் ஓர் ஊர்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: டீச்சர், வணக்கம். எனக்கு ஜெர்மனியில் வேலை கிடைத்திருக்கிறது. பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் சர்நேம் கட்டத்தில் என்ன எழுதுவது என்று வீட்டில் ஒரே சண்டை. பெரியப்பா 'கவுடர்' என்று போடச் சொல்கிறார். அப்பா 'போஜன்' என்று தன் பெயரைப் போடச் சொல்கிறார். ஒன்றாம் வகுப்பில் சேர்த்தபோது எனக்கு கே.பி. என்று இரண்டு இனிஷியல். அந்த 'கே' எங்கள் ஹட்டியான (படகர் ஊரான) கன்னேரிமுக்கு என்கிறார் பாட்டி. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் அது காணாமல் போய்விட்டது. எதைப் போடட்டும்?
– வாசகர், கோத்தகிரி

பதில்: அப்பா பெயரையே போடுங்கள் தம்பி. பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்துத்தான் எழுத வேண்டும். சர்நேம் கட்டத்தைக் காலியாக விட்டாலும் பாஸ்போர்ட் கிடைக்கும், ஆனால் பிறகு விசாவில் இழுக்கும். ஒற்றைப் பெயர்க்காரர்களுக்கு அமெரிக்க விசாவில் அந்தப் பெயரை சர்நேமாக வைத்துவிட்டு, முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்.என்.யூ.' என்று அடித்துவிடுவார்கள். முதற்பெயர் தெரியவில்லை என்று பொருள். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு சுற்றுலா விசாவில் வருபவர்களை ஏற்கமாட்டோம் என்றது. பின்னர், பாஸ்போர்ட்டின் மற்றொரு பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் சரி என்று தளர்த்தியது. நீங்கள் ஜெர்மனியில் இருக்கும்போது கடிதமெல்லாம் 'ஹெர் போஜன்' என்று வரும். 'திரு. போஜன்' என்று உங்கள் அப்பாவுக்கு அங்கே மரியாதை நடக்கட்டுமே!

பெரியப்பாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். ஹெச்.பி. அரி கவுடரை அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கும், நம் நீலகிரிப் படகர் சமூகத்தில் முதல் பட்டதாரி. 'ஹெச்' என்பது ஹுப்பத்தலை, அவருடைய ஊர். 'பி' என்பது பெள்ளி, அவருடைய அப்பா. பெள்ளி என்றால் நம் வெள்ளிதான். கவுடர் என்று கூப்பிட்டால் நீலகிரியில் ஆயிரம் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். ஹுப்பத்தலை பெள்ளியின் மகன் அரி என்றால் ஒரே ஒருவர். ஊர், அப்பா, நான் என்ற இந்த வரிசைக்கு ஈடாக எந்த சர்நேமும் எனக்குத் தெரியவில்லை. சாதிப் பட்டத்தைப் பெயரிலிருந்து விடுவோம் என்று 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்ட மாநிலம் இது. விட்டதை ஒரு விண்ணப்பப் படிவத்துக்காகத் திரும்ப எடுக்க வேண்டாம் என்பது என் உறுதியான எண்ணம்.

அந்த 'கே'யை நினைத்தால்தான் எனக்கு மனசு கேட்கவில்லை. மலைப்பள்ளிகளில் சேர்க்கைப் பதிவேடு எழுதியவள் நான். இரண்டு இனிஷியல் இருந்தால் பொதுத்தேர்வுப் பெயர்ப் பட்டியலில் முதலில் அடிபடுவது ஊர்தான். இன்னொன்றும் உண்டு. ஆங்கிலக் 'கே'யில் கேத்தியும் அடங்கும், கோத்தகிரியும் அடங்கும், கன்னேரிமுக்கும் அடங்கும். மூன்றாம் தலைமுறைக்கு அது எந்த ஊர் என்றே தெரியாமல் போகிறது. தமிழில் 'க. போ.' என்று எழுதினால் பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும். இனிஷியலையும் தமிழிலேயே எழுதச் சொல்லி 2021இல் தமிழக அரசு ஆணையிட்டபோது நான் சந்தோஷப்பட்டதற்குக் காரணம் இதுதான். சான்றிதழில் இல்லாததைப் பாஸ்போர்ட்டில் சேர்க்க முடியாது. உங்கள் கையெழுத்திலாவது அந்தக் 'க.' இருக்கட்டும்.

கேள்வி: டீச்சர், என் பெயர் வெலிங்டன். தாத்தா இங்கே வெலிங்டன் ராணுவ முகாமில் வேலை பார்த்ததால் வைத்த பெயர். வெள்ளைக்காரர்களுக்கு மட்டும் எப்படிப் பரம்பரை பரம்பரையாக ஒரே குடும்பப் பெயர் மாறாமல் நிற்கிறது?
– வாசகர், அருவங்காடு

பதில்: மாறாமல் நிற்கிறது என்று யார் சொன்னது? உங்கள் பெயர்க்காரரையே எடுத்துக்கொள்ளுங்கள். வெலிங்டன் என்பது இங்கிலாந்தில் சோமர்செட் பகுதியில் ஓர் ஊர். பிரிட்டிஷ் தளபதி ஆர்தர் வெல்லெஸ்லிக்கு 'வெலிங்டன்' என்ற பிரபுப் பட்டம் கிடைத்த 1809இல், குடும்பப் பெயரோடு ஓசை ஒத்துப்போகிறது என்று அவர் அண்ணன் தேடிப் பிடித்த ஊர் அது. அந்தக் குடும்பப் பெயரும் பழையது இல்லை. ஆர்தரின் தாத்தா முதலில் கோலி. உறவினர் ஒருவரின் சொத்து வந்து சேர்ந்ததும் 1728இல் வெஸ்லி ஆனார். ஆர்தர் இந்தியாவுக்குக் கப்பலேறியதும் வெஸ்லியாகத்தான். இங்கே இருக்கும்போது 1798இல் கையெழுத்தை வெல்லெஸ்லி என்று மாற்றிக்கொண்டார். மறுவருடம் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவுக்கு எதிராக நின்றது அந்தப் புதுப் பெயரோடுதான்.

முகாம் இருக்கும் இடத்துக்கும் முன்பு ஜெகதளா என்றுதான் பெயர். பக்கத்துப் படகர் ஊரின் பெயர் அது. ஊர் இன்றும் அதே பெயரோடு இருக்கிறது, போய்ப் பாருங்கள்.

கேள்வி: தாத்தா 1970களில் இலங்கையிலிருந்து வந்து டேன்டீயில் (அரசுத் தேயிலைத் தோட்டக் கழகத்தில்) வேலை செய்தவர். தாயகம் திரும்பியபோது கொடுத்த குடும்ப அட்டையில் அவர் பெயர் சுப்பையா. ரேஷன் கார்டில் எஸ். ராமசாமி. பாட்டி ராமசாமி என்கிறார். தாத்தா இறந்துவிட்டார். இப்போது வீட்டு மனை விஷயமாகப் போனால், இரண்டும் வேறு வேறு ஆள் என்கிறார்கள். அவருடைய உண்மையான பெயர்தான் என்ன?
– வாசகி, சேரம்பாடி

பதில்: பாட்டி சொல்வதுதான் அம்மா. இந்தச் சிக்கல் உங்கள் வீட்டுக்கு மட்டும் வந்ததில்லை. கூடலூர், பந்தலூர், கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் இதே கதையை லயத்துக்கு லயம் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) கேட்டிருக்கிறேன்.

இலங்கையில் அப்பா பெயரைச் சுருக்காமல் முழுதாக முன்னால் எழுதுவார்கள். 'சுப்பையா ராமசாமி' என்றால் சுப்பையாவின் மகன் ராமசாமி. 1964இல் இலங்கை, இந்தியப் பிரதமர்களின் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று முடிவானது. தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் வரிசையில் நின்றவர்களின் காகிதங்களில் முதலில் கண்ணில் படுவது அப்பா பெயர். எழுதுகிறவர் அதையே ஆளின் பெயராக எழுதிவிட்டால், மகன் அப்பாவாகிவிடுவான். இங்கே வந்த பிறகு வேறொருவர் அதே பெயரை நம் வழக்கப்படி 'எஸ்.' என்று சுருக்கியிருப்பார். ஆக, உங்கள் கையில் இருக்கும் இரண்டு காகிதமும் ஒரே பெயரின் இரண்டு பாதிகள்.

பள்ளிக்கு வரும் பிள்ளையிடம் அப்பா பெயர் கேட்டால் ஒன்று சொல்லும். தகப்பனார் நீட்டும் அட்டையில் வேறொன்று இருக்கும். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "ரெண்டும் நாந்தான் டீச்சர்" என்பார். தன் பெயருக்காக ஒரு மனிதர் தலைகுனிந்து நிற்பதைப் பார்க்க எனக்குத் தாங்காது. 'சுப்பையா என்கிற ராமசாமி' என்ற முறையில் இரண்டையும் எழுதிவிடுவேன். நீங்களும் அந்த 'என்கிற' வழியிலேயே போங்கள். இரண்டு பெயரும் ஒரே நபருடையது என்று நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் எழுதி வாங்குங்கள். தாத்தா கொண்டுவந்த பழைய பாஸ்போர்ட் பெட்டியில் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள், அப்பா பெயர் தனியாக அதில் இருந்தால் அதுவே பெரிய சாட்சி. வாரிசுச் சான்றிதழுக்குத் தாசில்தாரிடம் மனு கொடுக்கும்போதே இவற்றை இணைத்து, பெயரை 'என்கிற' போட்டு எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். உயிரோடு இருப்பவர்கள் பெயர் இப்படிக் குழம்பியிருந்தால், தள்ளிப் போடாமல் அரசிதழில் வெளியிட்டுச் சரிசெய்துவிட வேண்டும். இறந்தவருக்கு அந்த வழி இல்லை.

கேள்வி: ஊட்டிக்கு மாறுதலாகி வந்த புது ஆசிரியர் நான். ஒரு தோடர் பெரியவரிடம் பெயர் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார், அவர் சொன்னார். நான் ஏதாவது தப்பாகக் கேட்டுவிட்டேனா?
– வாசகர், உதகமண்டலம்

பதில்: தப்பில்லை. தன் பெயரைத் தானே சொல்வது தோடர்களிடம் பழைய வழக்கமில்லை. இங்கே வந்து தங்கி ஆராய்ந்த ஆங்கிலேய மானிடவியலாளர் ரிவர்ஸ் 1906இல் வெளியிட்ட நூலிலேயே இதைக் குறித்திருக்கிறார். இறந்துபோன உறவினரின் பெயரையும் உச்சரிக்கத் தயங்குவார்கள். அடுத்த முறை பக்கத்தில் இருப்பவரிடமே நேராகக் கேளுங்கள். ஆண் பெயர்கள் பல 'குட்டன்' என்று முடியும். அதைச் செல்லப் பெயர் என்று நினைத்து வெட்டிவிடாதீர்கள், பெயரின் பாதியே அதுதான்.

இதில் வியக்க ஒன்றுமில்லை. எங்கள் தாத்தா பெயர் ஆறுமுகம். பாட்டி முட்டை எண்ணும்போது ஐந்துக்குப் பிறகு "அஞ்சும் ஒண்ணும்" என்பார், அடுத்து ஏழு. கடைசிவரை அவர் வாயில் 'ஆறு' வரவில்லை.

கேள்வி: பெண் குழந்தை பிறந்திருக்கிறது. மாமியார் தன் தாயார் பெயரான 'நஞ்சி'யை வைக்கச் சொல்கிறார். நஞ்சு என்றால் விஷம் அல்லவா, பள்ளியில் கேலி செய்வார்களே என்று பயமாக இருக்கிறது.
– வாசகி, மஞ்சூர்

பதில்: விஷத்தை உண்டவனின் பெயர் அம்மா. மைசூருக்குத் தெற்கே நஞ்சன்கூடு கோயிலில் இருக்கும் நஞ்சுண்டேஸ்வரர்தான் நஞ்சன், நஞ்சி, நஞ்சம்மாள் எல்லோருக்கும் மூலம். படகர்களின் முன்னோர் வந்ததும் மைசூர்ப் பக்கத்திலிருந்துதான். திப்புவின் யானைக்குக் கண்நோய் தீர்த்ததால் அவரே அந்தச் சாமியை 'ஹக்கீம் நஞ்சுண்டன்', அதாவது வைத்தியர் நஞ்சுண்டன் என்று கொண்டாடினார் என்பது அந்தக் கோயிலின் வழக்கு. நோய் தீர்க்கும் பெயரைக் குழந்தைக்கு வைக்க என்ன தயக்கம்? மனசு ஒப்பவில்லை என்றால் நீங்கள் விரும்பும் பெயரோடு சேர்த்து இரண்டாவதாக வையுங்கள், ஆனால் பிறப்புச் சான்றிதழில் இரண்டும் ஏறட்டும். வீட்டில் மட்டும் கூப்பிடும் பெயர் ஒரு தலைமுறையோடு போய்விடும். பிறப்பைப் பதிந்த 12 மாதத்துக்குள் பெயர் சேர்த்தால் கட்டணம் கிடையாது.