வாங்கிய வேகம் எங்கே போகிறது? அகன்ற அலைவரிசை குறித்த கேள்வி பதில்

செந்தூல் வாசகர்: 100 மெகாபிட் திட்டத்திற்குப் பணம் கட்டுகிறேன். ஆனால், கோப்பைப் பதிவிறக்கும்போது கணினி 12 மெகாபைட் என்றுதான் காட்டுகிறது. ஏமாற்றுகிறார்களா?

பதில்: இல்லை, ஐயா. வேகத்தை மெகாபிட்டில் விற்கிறார்கள்; கணினியோ மெகாபைட்டில் அளக்கிறது. ஒரு பைட்டுக்கு 8 பிட் என்பதால், நொடிக்கு 12.5 மெகாபைட்தான் உங்கள் உச்ச வரம்பு.

ஆயர் ஈத்தாம் வாசகி: எங்கள் சாலையில் ஃபைபர் (ஒளியிழைக் கம்பி) பதித்து ஆண்டுகள் ஆகியும், எங்கள் பழைய அடுக்குமாடிக்கு மட்டும் அதிவேகத் திட்டம் இல்லை என்கிறார்களே, ஏன்?

பதில்: சாலைக்கு வந்த ஃபைபர் வீட்டு வாசலுக்கும் வந்துவிட்டதாகக் கொள்ள முடியாது, அம்மா. பழைய கட்டடங்கள் சிலவற்றில் அது கீழ்த்தளத்துத் தொலைபேசி அறையோடு நின்றுவிட, அங்கிருந்து மாடிகளுக்குப் பல்லாண்டுகளுக்கு முன் இழுத்த செப்புக் கம்பியே செல்கிறது. செப்பில் தூரம் கூடக் கூட வேகம் குறையும். மாடி மாடியாகப் புதிய கம்பி இழுப்பதற்குக் கட்டட நிர்வாகத்தின் இசைவு வேண்டும். தனியாளாகக் கேட்பதைவிட, அண்டை வீட்டாரிடம் கையெழுத்து வாங்கி நிர்வாகக் கூட்டத்தில் வைப்பதே பலன் தரும் என்பது என் கருத்து. ஓர் இணைய நிறுவனம் மறுத்தால் மற்ற எல்லா நிறுவனங்களிடமும் அலையவும் வேண்டாம். மெக்சிஸ் போன்றவை பல இடங்களில் டெலிகோம் மலேசியா பதித்த ஃபைபர் கம்பியின் வழியாகவே சேவை தருவதால், அந்தக் கம்பி இல்லாத கட்டடத்தில் இருவர் பதிலும் ஒன்றாகத்தான் இருக்கும். டைம் நிறுவனம் அடுக்குமாடிகளில் சொந்த ஃபைபர் கம்பி பதிப்பதால், அதனிடம் மட்டும் தனியே விசாரியுங்கள்.

பிரிக்பீல்ட்ஸ் வாசகர்: எங்கள் வரிசை வீட்டின் பின்னறையில் வைஃபை இழுக்கவே மாட்டேன் என்கிறது. பெரிய திட்டத்திற்கு மாறலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். முதலில் மடிக்கணினியைக் கம்பி மூலம் ரவுட்டரோடு இணைத்து அளந்து பாருங்கள். அங்கே வேகம் சரியாக இருந்தால், குறை சுவர்களில்தான் இருக்கிறது. 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது, ஆனால் செங்கல் சுவரைத் தாண்டத் திணறும், 2.4 கிகாஹெர்ட்ஸ் மெதுவானது, எட்டிப் போகும். ரவுட்டரைத் தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பின்னால் ஒளித்து வைப்பது நம் வீடுகளில் பழகிப்போன தவறு. அதை வீட்டின் நடுவே, உயரமான இடத்தில் வையுங்கள். அதற்கும் மசியாவிட்டால், பின்னறைக்கு ஒரு கம்பி இழுத்து இன்னொரு வைஃபை கருவியைப் பொருத்துங்கள்.

குளுகோர் மாணவர்: ஓராண்டுதான் வாடகை அறையில் இருப்பேன். அண்ணனின் பழைய 3ஜி டோங்கல் (கணினியில் செருகும் கைப்பேசி இணையக் கருவி) போதுமா?

பதில்: போதாது, தம்பி. மலேசியாவில் 3ஜி சேவை 2021 இறுதியோடு மூடப்பட்டுவிட்டது. ஃபைபர் திட்டங்கள் பெரும்பாலும் 24 மாத ஒப்பந்தத்தோடு வருவதால், இடையில் விலகினால் அபராதம் கட்ட நேரிடும். ஆகவே, உங்களுக்கு ஒப்பந்தமில்லாத 4ஜி அல்லது 5ஜி சிம் அட்டையே ஏற்றது. வாங்குமுன் அந்நிறுவனத்தின் சிம் வைத்திருக்கும் நண்பரை உங்கள் அறைக்கு அழைத்து, இரவு ஒன்பது மணிவாக்கில் அவர் கைப்பேசியில் வேகத்தை அளந்து பாருங்கள்.