கேள்வி-பதில்: பிரிட்ஜை மாற்றினால் கிதாரின் நாதம் கூடுமா?

கேள்வி: ஐயா, ஸ்ட்ராடோகாஸ்டர் வடிவில் விலை குறைந்த எலெக்ட்ரிக் கிதார் ஒன்று வைத்திருக்கிறேன். நாதம் மந்தமாக இருக்கிறது. சீக்கிரம் அடங்கியும் விடுகிறது. பிரிட்ஜின் அடியில் பொருத்திய உலோகக் கட்டியான டிரெமோலோ பிளாக்கை எஃகில் மாற்றினால் சரியாகும் என்கிறார் கடைக்காரர். அப்பத்தாவின் சீர்ச் சாமானில் கிடக்கும் பித்தளை அண்டாவைக் கொண்டு லேத் பட்டறையில் செய்துகொள்ளலாம் என்கிறார் சித்தப்பா. எதைச் செய்வது?
— வாசகர், தேவகோட்டை

பதில்: அண்டாவை விட்டுவிடுங்கள். அதன் தகட்டில் பிளாக் கடைய முடியாது. உருக்கி வார்த்தால் உள்ளே காற்றுக்குழிகள் விழலாம், அப்பத்தாவின் மனமும் நோகும். பித்தளையே வேண்டுமென்றால் கடையில் கட்டியாக வாங்கிக் கொடுப்பதே முறை.

பிரிட்ஜ் கம்பியின் ஒரு முனையைத் தாங்குகிறது. கம்பியின் அதிர்வில் எவ்வளவு மரத்துக்குள் கசிகிறது, எவ்வளவு கம்பியிலேயே தங்குகிறது என்பதை அதன் கனமும் பொருத்தமும் ஓரளவு முடிவு செய்கின்றன. ஆகவே மாற்றம் தெரிந்தால், ஸ்வரம் நீண்டு நிற்பதிலும் மீட்டும் கணத்தின் தெளிவிலும்தான் தெரியும். மந்தத்துக்குக் காரணம் பெரும்பாலும் பழைய கம்பியோ, கம்பியின் அதிர்வை மின்சைகையாக மாற்றும் பிக்-அப்போதான். எனவே முதலில் புதுக் கம்பி மாட்டுங்கள். பிக்-அப் கம்பியை ஒட்டி நின்றால் அதன் காந்தமே அதிர்வை இழுத்து அடக்கும் என்பதால், கம்பியைக் கடைசி ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோடு) அழுத்திய நிலையில் சுமார் 2 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும்படி அதை இறக்குங்கள். இந்தச் செலவோடு குறை தீர்ந்துவிடுவதை அடிக்கடி காண்கிறோம்.

தீராவிட்டால் பிளாக்கைப் பார்க்கலாம். விலை குறைந்த கிதார்களில் துத்தநாகக் கலவையில் வார்த்த மெல்லிய பிளாக்கே பெரும்பாலும் இருக்கும். ஒரே கன அளவில் அந்தக் கலவை சுமார் 6.6 கிராம் என்றால், எஃகு 7.8, பித்தளை 8.5, அதாவது உலோகத்தின் பெயரைவிடப் பிளாக்கின் தடிமன்தான் எடையைக் கூட்டுகிறது. இதைக் கடைக்காரர்கள் சொல்வதில்லை. மெல்லிய உடல் கொண்ட கிதாரில் நீளமான பிளாக் பின்புறம் துருத்தி நிற்கும் என்பதையும் சொல்வதில்லை. ஆகவே பிளாக்கின் நீளம், கிதாரின் தடிமன், பிரிட்ஜ் உடலில் நிற்பது ஆறு திருகாணியிலா இரண்டு தூணிலா என்பது, கம்பிகளுக்கிடையேயான தூரம் (10.5 அல்லது 10.8 மில்லிமீட்டர் என இருவகை பரவலாக உண்டு) ஆகியவற்றை அளந்துகொண்டே கடைக்குப் போங்கள். கையோடு ஒரு காந்தமும் இருக்கட்டும்: சாதாரண எஃகில் அது ஒட்டும், துத்தநாகக் கலவையிலும் பித்தளையிலும் ஒட்டாது. பில்லில் உலோகத்தின் பெயரை எழுதி வாங்குங்கள். இணையத்தில் வாங்கி, விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லையென்றால், திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் விற்பனையாளரைக் கட்டுப்படுத்துகின்றன. மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.

கேள்வி: கை வியர்வையில் சாடில் (பிரிட்ஜில் கம்பி அமரும் சிறு துண்டு) திருகாணிகள் துருப்பிடிக்கின்றன. தங்க முலாம் பூசியவை வாங்கலாமா?
— வாசகி, காரைக்குடி

பதில்: வேண்டாம். உலோக அரிமானத்தையும் ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கும் ஊர்க்காரர் நீங்கள்! மெல்லிய தங்க முலாம் கைபட்டுக் கைபட்டுத் தேய்ந்துவிடும். துருப்பிடிக்காத எஃகுத் திருகாணிகளே போதும். நாதத்தில் வேறுபாடு கேட்காது. பழையதைக் கழற்றுமுன் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவிடுங்கள். இல்லையெனில் தலை மழுங்கிவிடும்.