பதில்: 2020-க்கு முன்னாடி கோடு தரையோட கிடக்கது ஏன்?

தங்கச்சி, மார்த்தாண்டத்துல நர்சிங் புராஜெக்டுக்காக கூகுள் டிரெண்ட்ஸ்ல (ஒரு சொல்ல எப்போ எவ்வளவு தேடினாங்கன்னு கோடு போட்டுக் காட்டுற கூகுள் பக்கம்) ‘எபிடெமியாலஜி’ (நோய் எப்படிப் பரவுதுன்னு ஆராயுற படிப்பு) போட்டுப் பார்த்ததா எழுதியிருந்தீங்க. 2020 மார்ச்சுல 100, அதுக்கு முந்தின வருஷமெல்லாம் தரையோட தரை. “அப்போ யாருமே தேடலையா?”ன்னு கைடு கேக்காங்க, இல்லையா?

தேடினாங்க. அந்த 100 தேடல் எண்ணிக்கை இல்ல. நீங்க எடுத்த காலத்துல எது உச்சமோ அதை 100-ன்னு வச்சு, மத்ததையெல்லாம் அதோட விகிதமாக் காட்டும். கொரோனா உச்சம் உள்ள வந்ததும் பழைய ஏத்த இறக்கமெல்லாம் நசுங்கிரும். 2015 முதல் 2019 வரை தனியா எடுத்துப் பாருங்க, பரீட்சை மாசத்து மேடுகூட தெரியலாம்.

மாவட்டத்த மட்டும் பிரிக்க மெனக்கெடாதீங்க. தேடல் கொஞ்சமா இருந்தா 0-ன்னே காட்டும். தமிழ்நாடு அளவே போதும். கேரள எல்லையில இருக்க களியக்காவிளை பக்கம் மலையாளத்துலயும் தேடுவாங்களே, அதனால வெறும் சொல்ல விட்டுட்டு ‘தலைப்பு’ன்னு வாரத எடுங்க, மொழியெல்லாம் சேர்ந்து வரும்.

தேடினவங்க எல்லாம் நோயாளின்னு மட்டும் எழுதிராதீங்க. பயத்துல தேடுனவங்க, டிவி பார்த்துத் தேடுனவங்களும் நிறைய இருப்பாங்க. தேடலை வச்சே காய்ச்சலைக் கணிக்க 2008-ல கூகுள் ஆரம்பிச்ச ஃப்ளூ டிரெண்ட்ஸ், 2012-13 சீசன்ல ரொம்ப மிகையாக் காட்டிச்சு. 2015-ல நிறுத்திட்டாங்க. கைடுகிட்ட இதைச் சொல்லுங்க.

பிறகு, 2022 ஜனவரி 1-ல கணக்கெடுக்க முறையை மேம்படுத்தினதா வரைபடத்துலயே சின்னக் குறிப்பு இருக்கும். அந்த இடத்துல கோடு துள்ளினா கொரோனா மேல பழி போடாதீங்க.