"எல்லாம் சரியா இருக்கு மேடம்" என்று சொல்லும் குழுவை வழிநடத்துவது எப்படி?

கேள்வி: கிருஷ்ணகிரி மாவட்டம் தளி வட்டாரத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவ அலுவலராகச் சேர்ந்து சில மாதங்களே ஆகின்றன. ஆறு கிராம சுகாதார செவிலியர்கள், எல்லாருமே என்னைவிட வயதிலும் அனுபவத்திலும் மூத்தவர்கள். மீட்டிங்கில் கேட்டால் "எல்லாம் சரியா இருக்கு மேடம்" என்பார்கள். அடுத்த வாரமே எட்டு மாதக் கர்ப்பத்தில் ஹெச்.பி. (ரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவு) 7-க்குக் கீழே ஒரு தாய் வந்து நிற்பார். தலைமைப் பண்புப் பயிற்சியில் கற்றதை இங்கே எப்படிப் பொருத்துவது என்று தெரியவில்லை. எதிலிருந்து தொடங்கலாம்?

பதில்: அந்த "எல்லாம் சரியா இருக்கு" என்ற பதிலிலிருந்தே தொடங்குங்கள். அந்தத் தாயின் ஹெச்.பி. குறைவு செவிலியருக்கு ஐந்தாம் மாதமே தெரிந்திருக்கும், அவருடைய நோட்டில் எழுதியும் இருக்கும். குறையைச் சொன்னவரைப் பத்துப் பேர் முன்னால் நிற்கவைத்துக் கேள்வி கேட்பதும், மெமோ கொடுப்பதும் பல இடங்களில் வழக்கம். அதைப் பார்த்துப் பழகியவர்கள் வாய் திறக்க மாட்டார்கள். அவர்கள் பயமில்லாமல் பேசவும், தங்கள் மட்டத்திலேயே முடிவெடுக்கவும் வைப்பதுதான் உங்கள் பதவியில் தலைமை என்பதன் முழு வேலை.

முதலில் மாதாந்திர மீட்டிங்கை மாற்றுங்கள். எத்தனை பதிவு, எத்தனை பிரசவம் என்ற கணக்கை முந்தின நாளே சார்ட்டில் எழுதி ஒட்டச் சொல்லுங்கள். அதை வாசிக்க நேரம் செலவழிக்க வேண்டாம். மிச்சமாகும் நேரத்தில் நாற்பது நிமிஷத்தை ஒரே ஒரு தாய்க்கு ஒதுக்குங்கள். ஆபத்துக்குப் போய்ப் பிழைத்து வந்தவராக இருந்தால் நல்லது. இறப்பு ஆய்வில் எல்லாரும் தற்காப்பில் நிற்பார்கள், பிழைத்தவரைப் பற்றிப் பேசும்போது வாய் திறக்கும். "யார் விட்டது?" என்ற கேள்வியே வரக்கூடாது. எந்த வாரத்தில் நமக்கு முதலில் தெரிந்தது, யாரிடம் சொன்னோம், அங்கிருந்து ஏன் நகரவில்லை என்று கேளுங்கள். வீட்டில் முடிவெடுக்கத் தாமதம், ஆஸ்பத்திரிக்கு வந்து சேரத் தாமதம், வந்தபின் சிகிச்சை கிடைக்கத் தாமதம் என்று மூன்றாகப் பிரித்துப் பார்த்தால் தவறு எங்கே என்பது தானாகத் தெரியும். மூன்றாவது தாமதம் உங்கள் நிலையத்துடையதாக இருந்தால் அதை நீங்களே முதலில் சொல்லுங்கள். அன்றைக்குத்தான் மற்றவர்கள் பேசத் தொடங்குவார்கள்.

அடுத்தது போன். இரவில் செவிலியர் கூப்பிட்டு, "மேடம், ஒரு கேஸ் இருக்கு, கொஞ்சம் பி.பி. அதிகமா இருக்கு" என்று இழுத்தால் இரண்டு பக்கமும் நேரம் போகும். நான்கு விஷயங்களை வரிசையாகச் சொல்லப் பழக்குங்கள்: இப்போது என்ன நிலை, இதற்கு முன் என்ன, நான் என்ன நினைக்கிறேன், எனக்கு என்ன வேண்டும். "முதல் பிரசவம், 36 வாரம், பி.பி. 160/110, பதினைந்து நிமிஷம் கழித்தும் அதேதான். போன மாதம் 130/80. தலைவலி, கண் மங்கல் இருக்கு. ஜன்னிக்கு முந்தின நிலைன்னு நினைக்கிறேன். மக்னீசியம் போட்டு 108-ல அனுப்பணும்." அரை நிமிஷம்தான் ஆகும். "நான் என்ன நினைக்கிறேன்" என்ற மூன்றாவது விஷயத்தைத்தான் மூத்த செவிலியர்களும் விட்டுவிடுவார்கள், ஏனென்றால் நோயைப் பற்றி நினைப்பது டாக்டர் வேலை என்று இத்தனை வருஷம் அவர்களுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. "நீங்க என்ன நினைக்கிறீங்க சிஸ்டர்?" என்று ஒவ்வொரு போனிலும் கேளுங்கள், பதில் தவறாக இருந்தாலும் முழுசாகக் கேட்டுவிட்டுத் திருத்துங்கள்.

செவிலியரே தொடங்க வேண்டிய சிகிச்சைக்கு உங்கள் கையெழுத்திட்ட நிலையான உத்தரவு சுவரில் இருக்க வேண்டும். மேல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் முன் ஜன்னியைத் தடுக்கும் 50 சதவீத மக்னீசியம் சல்பேட் ஊசியை ஒவ்வொரு பிட்டத்திலும் 5 கிராம் வீதம் ஆழமாகப் போட மத்திய அரசின் வழிகாட்டுதலே செவிலியர்களுக்கு இடம் தருகிறது. ஆனாலும் தயங்குவார்கள். ஏதாவது ஆகிவிட்டால் கேள்வி தன் மேல் வரும் என்பதுதான் காரணம். அஞ்செட்டிப் பக்கம் ராத்திரியில் காட்டுச் சாலையில் யானை நின்றால் வண்டி எப்போது நகரும் என்று யாரும் சொல்ல முடியாது. அங்கே அந்த முதல் டோஸுக்காகக் காத்திருக்க நேரம் கிடையாது. உத்தரவு எழுத்தில் இருந்தால் கை தயங்காது. மாதம் ஒருமுறை பத்து நிமிஷ ஒத்திகையும் வையுங்கள்: பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கு என்றால் யார் கர்ப்பப்பையைத் தேய்ப்பது, யார் ஆக்ஸிடாசின் எடுப்பது, யார் ட்ரிப் போடுவது, யார் போன் பண்ணுவது, யார் நேரம் எழுதுவது. ஆக்ஸிடாசின் 2 முதல் 8 டிகிரிக் குளிரில் இருக்கிறதா என்பதும் அப்போது தெரிந்துவிடும்.

மூன்றாவதாக, ஒவ்வொரு செவிலியரிடமும் ஒரு பொறுப்பை மூன்று மாதத்துக்கு முழுசாகக் கொடுங்கள். உதாரணத்துக்கு ரத்தசோகை. தடுப்பு அளவு தினம் 60 மி.கி. இரும்பு, 180 நாள் என்பது எல்லாருக்கும் தெரியும். மாத்திரை கொடுத்தும் ஏன் ஏறவில்லை என்பதைத் தன் பகுதியில் பத்துத் தாய்மார்களின் வீட்டுக்குப் போய்க் கேட்டு வரச் சொல்லுங்கள். கால்சியம் மாத்திரையோடு சேர்த்து விழுங்குகிறார்களா, டீயோடு போடுகிறார்களா, மலம் கறுப்பாகப் போவதைப் பார்த்து மாமியார் நிறுத்தச் சொன்னாரா என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு காரணம் கிடைக்கும். ஒரு மாதத்தில் ஹெச்.பி. 1 கிராம்கூட ஏறாத தாயை மேல்சிகிச்சைக்கு அனுப்பும் முடிவை உங்களைக் கேட்காமல் அவரே எடுக்கட்டும். முடிவெடுக்கும் உரிமை இல்லாமல் பொறுப்பை மட்டும் கொடுத்தால், அது இன்னொரு ரெஜிஸ்டர்தான்.

இந்தப் பகுதியில் பொறுப்பைப் பிரிக்கும்போது மொழியைக் கவனியுங்கள். கன்னடமும் தெலுங்கும் பேசும் வீடுகள் ஏராளம். அந்த மொழி சரளமாகத் தெரிந்தவர் ஜூனியராக இருந்தாலும் அங்கே அவர் சொல்வதுதான் எடுபடும். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகும் பெண்களும், குடும்பத்தோடு பெங்களூருக்கு வேலைக்குப் போகும் பெண்களும் இரண்டு பகுதிகளுக்கு நடுவில் நழுவிவிடுவார்கள். போகுமிடத்துச் செவிலியரிடம் ஆர்.சி.எச். எண்ணோடு (கர்ப்பிணியின் அரசுப் பதிவு எண்) போனில் ஒப்படைத்தபின்தான் தன் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டும் என்று விதி வையுங்கள். பதினெட்டு வயது நிரம்பாத கர்ப்பிணி என்றால் போலீஸுக்குத் தெரிவிக்க வேண்டிய சட்டக் கடமை இருக்கிறது. அந்த வீட்டுக்குச் செவிலியரைத் தனியாக அனுப்பாதீர்கள், நீங்களும் கூடப் போங்கள். ஊர்க் கோபத்தை அவர் மட்டும் தாங்கினால் அடுத்த பெண்ணின் கர்ப்பம் பதிவுக்கே வராது.

இதெல்லாம் பெரும்பாலும் கெடுவது ஒரே இடத்தில்தான்: செவிலியர் தடுமாறும்போது டாக்டர் வேலையைத் திரும்ப வாங்கிக்கொள்வது. நான்காவது மாதம் மீட்டிங்கை நடத்தும் பொறுப்பை அவர்களில் ஒருவரிடம் கொடுத்துவிட்டு நீங்கள் ஓரமாக உட்காருங்கள். நேரம் தாண்டினாலும், பேச்சு சுற்றினாலும் குறுக்கிடாதீர்கள். முடிந்தபின் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, சரியாகச் செய்த ஒன்றையும் அடுத்தமுறை மாற்ற வேண்டிய ஒன்றையும் மட்டும் சொல்லுங்கள்.