உறைந்த எலியைத் தொடாத மலைப்பாம்பு

கேள்வி: டொராண்டோவில் வசிக்கிறோம். என் மகன் வளர்க்கும் ஒன்றரை வயது பால் பைத்தான் (ball python) என்ற மலைப்பாம்புக்கு, முன்பு வளர்த்தவர் உயிருள்ள சுண்டெலி கொடுத்தே பழக்கியிருக்கிறார். நாங்கள் கடையில் உறைந்த எலி வாங்கிக் கொடுத்தால், நாக்கை நீட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறது. இரண்டு வாரமாகப் பட்டினி. என்ன செய்யலாம்?

பதில்: பதற வேண்டாம். உடல் தேறிய பால் பைத்தானுக்கு இரண்டு வாரம் ஒரு பொருட்டே அல்ல. குளிர்காலத்தில் சில மாதங்கள்கூட இரை எடுக்காமல் கிடக்கும். இரக்கப்பட்டு உயிருள்ள எலிக்கு மட்டும் திரும்பிவிடாதீர்கள். பசியில்லாத பாம்போடு அடைபட்ட எலி, பாம்பின் கண்ணையும் முதுகையும் கடித்துக் குதறிவிடும். எலிக்கும் அது கொடுமையான சாவு.

இந்தப் பாம்பின் மேலுதட்டோரம் சிறு குழிகள் வரிசையாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இரையின் உடற்சூட்டை அவைதாம் உணர்கின்றன. சில்லென்ற எலி அதற்கு இரையாகவே தெரியாது. பெரும்பாலும் சிக்கல் இங்கேதான்.

முந்தின இரவே எலியை மூடிய டப்பாவில் வைத்து, ஃபிரீசரிலிருந்து ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றுங்கள். மறுநாள் பிளாஸ்டிக் பையில் போட்டு வெந்நீரில் அமிழ்த்துங்கள். வயிற்றை விரலால் அழுத்தும்போது உள்ளே கட்டியாகத் தட்டுப்பட்டால் இன்னும் உறைநிலை விடவில்லை என்று பொருள். கொடுப்பதற்குச் சற்று முன் தலைப்பக்கத்தை ஹேர் டிரையரால் சூடாக்கி, 38 முதல் 40 டிகிரி செல்சியஸ் வரை கொண்டுவாருங்கள். மைக்ரோவேவ் கூடவே கூடாது. வயிறு வெடிக்கும், சில இடங்கள் வெந்துவிடும்.

இன்னொன்று: ஒரே நேரத்தில் இரண்டை மாற்றாதீர்கள். சுண்டெலி தின்று பழகியதற்கு முதலில் உறைந்த சுண்டெலியையே கொடுங்கள். நான்கைந்து இரை ஒழுங்காக எடுத்த பிறகு பெரிய எலிக்கு மாறலாம். இரையின் பருமன் பாம்பின் நடுவுடல் பருமனை ஒட்டி இருந்தால் போதும்.

அந்தி சாய்ந்ததும் விளக்கைக் குறைத்து, நீண்ட இடுக்கியால் எலியைப் பிடித்து, பாம்பு பதுங்கும் மறைவிடத்துக்கு முன்னே மெல்ல நகர்த்துங்கள். முகத்தில் இடிக்காதீர்கள். கழுத்தைப் பின்னிழுத்து வளைத்து வைத்துக்கொண்டால் பாயப் போகிறது. கவ்வியதும் இடுக்கியால் இரண்டொரு முறை லேசாக இழுங்கள். இரை போராடுவதாக நினைத்துச் சுற்றி இறுக்கும். பின்வாங்கினால் எலியை மறைவிட வாசலில் வைத்துவிட்டு அறையை விட்டு வெளியேறுங்கள். காலையில் மிச்சமிருந்தால் எறிந்துவிட வேண்டும். மறுபடி உறைய வைக்கக் கூடாது. அடுத்த முயற்சி ஒரு வாரம் கழித்துத்தான். அதுவரை மகன் பாம்பைக் கையில் எடுக்காமல் இருப்பது நல்லது.

அதற்கும் மசியவில்லை என்றால், உயிருள்ள சுண்டெலிகளின் கூண்டில் கிடந்த மரத்தூளைக் கடையில் கேட்டு வாங்கி, சூடாக்கிய இரையை அதில் புரட்டிக் கொடுங்கள். வாசனை பல பாம்புகளை மாற்றியிருக்கிறது. கண் பால்போல் மங்கியிருந்தால் சட்டை உரிக்கப் போகிறது. அந்த நாட்களை விட்டுவிடுங்கள்.

கனடாவின் குளிரில் பெட்டியின் வெப்பநிலையையும் பாருங்கள். சூடான பக்கம் 31 முதல் 33 டிகிரி, மறுபக்கம் 25 முதல் 27 டிகிரி இருக்க வேண்டும். வாரந்தோறும் எடை பாருங்கள். பத்தில் ஒரு பங்கு குறைந்தாலோ, மூச்சில் இரைச்சல், வாயில் நுரை தென்பட்டாலோ, ஊர்வனவற்றைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் உடனே கொண்டுபோங்கள்.