தடயங்களைப் படமெடுக்க நல்ல கேமரா இருந்தால் போதுமா? டிஜிட்டல் படத்தை எப்படி நம்புவது?

கேமராவைவிட வெளிச்சமும் ஒழுங்குமுறையும்தான் முக்கியம். தடயங்களைப் படமெடுப்பது என் தொழில். சம்பவ இடத்தைப் பார்த்தே இராத ஒருவர், பல மாதம் கழித்து, படத்தை மட்டும் வைத்துக்கொண்டு அளக்கவும் ஒப்பிடவும் முடிய வேண்டும். எங்கள் படங்கள் அதற்காகத்தான்.

அதனால் எதையும் நகர்த்துவதற்கு முன்பே படமெடுத்துவிட வேண்டும். முதலில் இடம் முழுவதும், பிறகு பக்கத்தில் உள்ள நிலையான பொருள் ஒன்றோடு சேர்த்துத் தடயம், அப்புறம்தான் கிட்டத்தில். கிட்டத்துப் படத்தை ஸ்கேல் இல்லாமல் ஒருமுறை, ஸ்கேல் வைத்து ஒருமுறை எடுப்போம். ஸ்கேலுக்கு அடியில் எதுவும் மறைந்திருக்கவில்லை என்று காட்ட வேண்டுமே.

வெளிச்சம் என்ன செய்யும் என்பதற்கு, மண்ணில் பதிந்த ஷூ தடத்தைப் பாருங்கள். நேராக ஃபிளாஷ் அடித்தால் தட்டையாகத்தான் வரும். கேமராவை டிரைபாடில் தரையைப் பார்க்கக் கவிழ்த்து, சென்சார் தரைக்கு இணையாக இருக்கும்படி பூட்டிவிட்டு, ஃபிளாஷைத் தனியே கழற்றி, தரையை ஒட்டிச் சாய்வாக அடிக்க வேண்டும். நிழல் விழுந்ததும் அடிப்பாகத்தின் கோடு, தேய்மானம், சின்ன வெட்டு எல்லாம் துலங்கும். ஒரு பக்கத்து வெளிச்சத்தில் நிழலுக்குள் போன வெட்டு இன்னொரு பக்கத்து வெளிச்சத்தில் வெளியே வரும், ஆகவே திசை மாற்றி மாற்றி எடுக்கிறோம். ஸ்கேலையும் மண்ணின் மேலே வைக்கக்கூடாது. கேமராவுக்குக் கிட்டே இருப்பதால் அது பெரிதாகத் தெரியும், கணக்கில் ஷூ சிறுத்துவிடும். தடத்துக்குப் பக்கத்தில் லேசாகத் தோண்டி, தடத்தின் அடிமட்டத்துக்கே அதை இறக்க வேண்டும். இந்தப் பொறுமை எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

ரத்தக்கறையைத் தேடத் தெளிக்கும் லூமினால் என்ற ரசாயனம் ஒளிர்வது மங்கலாகவும் கொஞ்ச நேரமே நிற்பதாகவும் இருக்கும். இருட்டில் ஷட்டரை நீண்ட நேரம் திறந்துவைத்து எடுக்கிறோம். ஆனால் பிளீச் பட்ட இடமும் ஒளிரும் என்பதால், அந்தப் படம் மட்டுமே ரத்தத்துக்குச் சாட்சி ஆகாது.

சரி, டிஜிட்டல் படத்தை எளிதில் மாற்றிவிடலாமே? மாற்றலாம். ஆகவே கார்டிலிருந்து நகலெடுத்த உடனே அசல் கோப்புக்கு ஷா-256 போன்ற முறையில் ஹாஷ் மதிப்பை, அதாவது கோப்பின் கைரேகை போன்ற ஓர் எண்ணை, கணக்கிட்டுப் பதிவு செய்கிறோம். கோப்பில் ஒரு பிட் மாறினாலும் அந்த மதிப்பு வேறாகிவிடும். வெளிச்சம், கான்ட்ராஸ்ட் சரிசெய்வது நகலில் மட்டும். செய்த ஒவ்வொன்றையும் எழுதி வைக்க வேண்டும். மங்கலான படத்தைக்கூட அழிப்பதில்லை, வரிசை எண்ணில் ஓட்டை விழுந்தால் கேள்வி வரும். செயற்கை நுண்ணறிவால் படத்தைத் தெளிவாக்கும் செயலிகளை இந்த வேலைக்கு நான் அடியோடு எதிர்க்கிறேன். அவை இல்லாத ரேகையை ஊகித்து வரைந்துவிடும்.

கையில் போன் மட்டும் இருந்தால் ஃபில்டர், அழகூட்டும் வசதிகளை அணைத்துவிட்டு எடுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், தேதி போன்ற உள் தகவல்களும் போய்விடும். டாக்குமெண்டாக அனுப்புங்கள், அசலைப் போனிலேயே விட்டுவையுங்கள்.