நிப்சி ஹஸ்ஸலின் நூறு டாலர் மிக்ஸ்டேப்: கேள்வி பதில்

லாஸ் ஏஞ்சலிஸ் ராப்பர் நிப்சி ஹஸ்ஸல் 2013-ல் வெளியிட்ட ‘கிரென்ஷா’ என்ற மிக்ஸ்டேப் (பாடல் தொகுப்பு) பற்றியும், அதுபோல விலைக்கு வந்த மற்ற மிக்ஸ்டேப்கள் பற்றியும் கேளுங்கள். விற்பனை, உரிமை, ஒப்பந்தம் இவைதான் எனக்குத் தெரிந்த பக்கம். எந்த ராப்பருக்கு யாரோடு சண்டை என்று கேட்டால் அதற்கு நான் ஆள் இல்லை.

கேள்வி: ‘கிரென்ஷா’ இலவசமாகவே கிடைத்ததாமே, அப்புறம் 100 டாலர் எதற்கு?

இரண்டும் உண்மை. 2013 அக்டோபரில் இணையத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம் என்று விட்டார். கையில் சிடியாக வேண்டுமென்றால் 100 டாலர், அதுவும் 1,000 பிரதிகள் மட்டும். லாஸ் ஏஞ்சலிஸில் தற்காலிகமாக ஒரு கடை போட்டு விற்றார். ஒரு நாளுக்குள் தீர்ந்துவிட்டது. ராப்பர் ஜே-சி மட்டும் 100 பிரதிகள் வாங்கினார்.

யோசனை வந்த இடம் சுவையானது. பிலடெல்பியாவில் ஓர் உணவகம் சீஸ்ஸ்டேக் என்ற இறைச்சி சாண்ட்விச்சை 100 டாலருக்கு விற்று ஊரெல்லாம் பேச வைத்த கதையை மார்க்கெட்டிங் பேராசிரியர் ஜோனா பெர்கரின் புத்தகத்தில் படித்திருக்கிறார். தன் முறைக்கு ‘ப்ரவுட் டு பே’ (பெருமையோடு பணம் கொடுப்பது) என்று பெயர் வைத்தார். பாட்டு எல்லோருக்கும் போகும். பணம் கொடுக்க மனமும் வசதியும் உள்ளவருக்கு அதற்கொரு வழி இருக்கும். எபிக் என்ற லேபிளை, அதாவது பாடல் பதிவு நிறுவனத்தை, விட்டு 2010-லேயே வெளியே வந்தவர் என்பதால் அந்த ஒரு லட்சம் டாலரில் லேபிளுக்குப் பங்கு பிரிக்க வேண்டியதில்லை. ராப்பில் நான் பார்த்த மிகத் தெளிவான வியாபாரக் கணக்கு இது.

கேள்வி: டவுன்லோட் லிங்க் கிடைக்குமா?

ஸ்ட்ரீமிங்கில் இருக்கிறது, அங்கே கேளுங்கள்.

கேள்வி: மிக்ஸ்டேப்புக்கும் ஆல்பத்துக்கும் என்னதான் வித்தியாசம்?

முதலில் நியூயார்க் டிஜேக்கள் கலந்து கொடுத்த கேசட்டுகள்தான் மிக்ஸ்டேப். பிறகு ராப்பர்கள் அடுத்தவர் பீட்டில் (பாட்டின் பின்னணி இசையில்) தங்கள் வரிகளைப் பாடி, தெருவில் பெயர் வாங்கும் வழியாக அது மாறியது. ராப்பர் 50 சென்ட் 2002-ல் அப்படித்தான் மேலே வந்தார். அனுமதி வாங்காத பாட்டு, ஆனால் லேபிள்களே விளம்பரத்துக்காக டிஜேக்களிடம் பாடல்களைக் கொடுக்கும். இந்த இரட்டை நிலை 2007 ஜனவரியில் வெடித்தது. அட்லாண்டாவில் மிக்ஸ்டேப் டிஜேக்களான டிஜே டிராமாவையும் டான் கேனனையும் போலீஸ் கைது செய்து 81,000-க்கும் மேற்பட்ட சிடிகளை எடுத்துப்போனது. பதிவு நிறுவனங்களின் சங்கமும் அந்தச் சோதனைக்குத் துணை நின்றது. அதற்குப் பிறகு சிடி ஒதுங்கி, இலவச டவுன்லோட் முன்னுக்கு வந்தது.

இன்று அந்தப் பெயரை ஒட்டுவது கலைஞரின் விருப்பம். ராப்பர் டிரேக் 2015 பிப்ரவரியில் முன்னறிவிப்பே இல்லாமல் ஒன்றை ஐட்யூன்ஸில் விலைக்கு விட்டு, மிக்ஸ்டேப் என்றார். அது அமெரிக்காவின் பில்போர்டு ஆல்பப் பட்டியலில் முதலிடம் பிடித்தது.

கேள்வி: சான்ஸ் த ராப்பரின் ‘ஆசிட் ராப்’ மிக்ஸ்டேப்பில் ‘ஜூஸ்’ பாட்டு என் ஸ்ட்ரீமிங்கில் பாடவே இல்லை. ஆப் கோளாறா?

கோளாறு இல்லை, சாம்பிள் பிரச்சினை. வேறொருவர் ஒலிப்பதிவிலிருந்து எடுத்துப் பாட்டில் சேர்க்கும் துண்டுதான் சாம்பிள். 2013-ல் இலவசமாக வந்தபோது அந்தப் பாட்டு இருந்தது. 2019-ல் ஸ்ட்ரீமிங்குக்கு ஏற்றியபோது சாம்பிள் அனுமதி கிடைக்கவில்லை. அதனால் அந்த இடத்தில் சான்ஸ் பேசும் சுமார் 30 நொடிச் செய்தியைத்தான் அப்போது வைத்தார்கள். ஒரு சாம்பிளுக்கு இரண்டு அனுமதி வேண்டும்: பாட்டை எழுதியவர் பக்கம் ஒன்று, ஒலிப்பதிவின் உரிமையாளர் பக்கம் ஒன்று. ஒருவர் தலையாட்டி மற்றவர் மறுத்தாலும் கதை முடிந்தது.

லில் வெய்னின் ‘நோ சீலிங்ஸ்’ மிக்ஸ்டேப் 2020-ல் ஸ்ட்ரீமிங்குக்கு வந்தபோதும் சில பாடல்கள் விடுபட்டன. ஆகவே உங்களிடம் பழைய இலவசக் கோப்பு இருந்தால் அழிக்காதீர்கள். புதிதாக ஏறியது அதே பெயரில் இருந்தாலும் அதே பொருள் இல்லை.

கேள்வி: மிக்ஸ்டேப்பும் ஆல்பமும் ஒன்றா?

மேலே எழுதியிருக்கிறேன்.

கேள்வி: இலவசமாகக் கிடைப்பதை 100 டாலருக்கு விற்றது ஏமாற்று வேலைதானே?

ஏமாற்று என்றால் எதையாவது மறைத்திருக்க வேண்டும். இலவசம் என்பதையும் அவரே சொன்னார், விலையையும் அவரே சொன்னார்.

அதே கேள்வியாளர்: ஜே-சி வாங்கியது வெறும் விளம்பரம். அதை வைத்து வெற்றி என்று சொல்ல முடியாது.

விளம்பரம் ஆனது உண்மைதான். ஆனால் மீதி 900 பிரதிகளை யார் வாங்கினார்கள்? கடை வாசலில் நின்ற ரசிகர்கள். அவர்களை ஏமாந்தவர்கள் என்று சொல்வது எனக்கு ஒப்பவில்லை. தங்கள் தெருப் பையன் சொந்தக் காலில் நிற்க வேண்டும் என்று தெரிந்தே கொடுத்த பணம் அது.

அதே கேள்வியாளர்: அடுத்ததை 1,000 டாலருக்கு விற்றாரே, அதுவும் பாசமா?

‘மெயில்பாக்ஸ் மனி’யைச் சொல்கிறீர்கள். 100 பிரதிகள், ஒன்று 1,000 டாலர். அதுவும் இணையத்தில் இலவசமாகவே வந்தது. விலை அதிகம் என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். நானும் வாங்கியிருக்க மாட்டேன். ஆனால் காசில்லாதவன் கேட்க முடியாமல் போனான் என்று மட்டும் சொல்லாதீர்கள். இந்த விவாதத்தை இத்தோடு விடுவோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கேள்வி: மிக்ஸிங்குக்கு எந்த சாஃப்ட்வேர் நல்லது?

ஒலிப்பதிவு தெரிந்தவரிடம் கேளுங்கள்.

கேள்வி: ‘ஆசிட் ராப்’பில் ஒரு பாட்டு குறைகிறதே?

மேலே பாருங்கள். பழைய கோப்பை அழிக்காதீர்கள்.

கேள்வி: நான் பிரபலமான பீட்டில் ராப் செய்து இலவசமாகத்தான் வெளியிடப் போகிறேன். காசு வாங்காவிட்டால் வழக்கு வராதுதானே?

வரும், தம்பி. ராப்பர் மேக் மில்லர் 2010-ல் இலவசமாக விட்ட மிக்ஸ்டேப்பில் லார்ட் ஃபினெஸ் என்ற இசைத் தயாரிப்பாளரின் பீட் ஒன்றில் பாடினார். 2012-ல் லார்ட் ஃபினெஸ் ஒரு கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார். கடைசியில் சமரசத்தில் முடிந்தது. இலவசம் என்பது சட்டத்தின் முன் கேடயம் ஆகாது. அந்தப் பாட்டு பெயர் வாங்கித் தந்த பிறகுதான் உரிமைக்காரர் கதவைத் தட்டுவார். பீட் செய்பவர் உங்கள் நண்பராகவே இருந்தாலும் யாருக்கு எத்தனை சதவீதம் என்று எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டுவிட்டு அப்புறம் ஏற்றுங்கள்.